உயரமான நாலு காது

கம்ப்யூட்டரில் எதை எங்கே அமுக்க வேண்டும் என்று டிராயிங் ரூமுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதை எழுதப் போவதில்லை.

எனக்குப் படிப்பு கம்மி. பத்தாவதோடு நின்றது. ராயபுரத்திலிருந்து பஸ் பிடித்து இந்தக் கம்பெனிக்கு வந்தபோது பிரிண்ட் ரூமில் போட்டார்கள். அம்மோனியா நெடியில் டிராயிங் நகல் எடுக்கிற வேலை. அப்புறம் டிராயிங் போர்டு. அப்புறம் கம்ப்யூட்டர். அப்புறம் இப்போது நீங்கள் பார்க்கிற, திரையில் பொருளே முழுசாக நிற்கும் மாடல். கடைசியில் டிராயிங் ரூமே என் பொறுப்பில் இருந்தது. போன வருஷம் ரிடையர் ஆனேன். எல்லோரும் ஸ்டெல்லாக்கா என்பார்கள். நீங்களும் அப்படியே சொல்லலாம்.

நான் எழுத வந்தது தேடலைப் பற்றி.

மாடலில் ஒவ்வொரு வேலையும் ஒரு ஃபீச்சர். தகடு நிறுத்துவது ஒன்று. ஓட்டை போடுவது ஒன்று. வெல்டுக்காகத் தகட்டின் ஓரம் சீவுவது ஒன்று. எந்த ஓரம் என்று ஃபீச்சர் கேட்கும். கையால் தொட்டுக் காட்டலாம். அல்லது நிபந்தனை சொல்லலாம். மேலே பார்க்கும் முகம் எல்லாம், இந்த அளவு ஓட்டை எல்லாம், இப்படி. அதுதான் தேடல். பெயர் கொடுத்துச் சேமித்துவிட்டால் வேறு ஃபீச்சரும் அதையே கூப்பிட்டுக்கொள்ளும். அளவு மாறினால் அதுவே மறுபடி தேடி எடுத்துக்கொள்ளும்.

நல்ல வசதி. குறை சொல்லவில்லை. கையால் தொட்டுக் காட்டிக்கொண்டிருந்தபோது கஸ்டமர் ஒரு நீளத்தை மாற்றினால் பாதி மாடல் தப்பு என்று சிவப்பாகிவிடும். உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திரும்பத் தொட வேண்டும். தேடல் வந்த பிறகு அந்தப் பேஜார் இல்லை.

இதைச் சொல்லிக்கொடுக்க கிண்டியிலிருந்து ஒரு பெண் வந்தாள். என் மகள் வயது. முதல் நாளே சொன்னாள்: "ஆன்ட்டி, இதுக்கு உங்க மனசு தெரியாது. நீங்க சொன்ன வார்த்தை மட்டும்தான் தெரியும்."

ஆன்ட்டி என்றது பிடிக்கவில்லை. சொன்னது பிடித்தது.

வார்த்தை என்றால் பெயரும்தான். எங்கள் ரூமில் ஒருவர் தன் தேடல்களுக்கெல்லாம் டிபன் பெயர் வைத்தார். இட்லி, வடை, பொங்கல், பூரி. வடை என்றால் நடுவில் ஓட்டை உள்ள வளையம். அது எங்களுக்குப் புரிந்தது. பூரி என்றால் உப்பின தகடு. அதுவும் சரி. பொங்கல் எது என்று கேட்டால் அவருக்கே ஞாபகம் இல்லை. ஆனால் பொங்கலை ஐந்தாறு ஃபீச்சர் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. அவர் ஊருக்குப் போன நேரம் கஸ்டமர் அளவு மாற்றினான். பொங்கலைத் தொட ஒருத்தருக்கும் தைரியம் இல்லை. மாடலை அடியிலிருந்து புதிதாகப் போட்டோம். அது தேவலை என்று இருந்தது.

அவர் திரும்பி வந்ததும் கேட்டார், "என் மாடலை ஏன்க்கா தூக்கிப் போட்டீங்க?"

"பொங்கல் ஊசிப்போச்சு" என்றேன்.

அன்றிலிருந்து ரூமில் ஒரு பழக்கம். தேடலின் பெயரைப் படித்தால் அது எதை எடுக்கும் என்று பக்கத்து ஸீட்டுக்காரனுக்குத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அது தேடல் இல்லை. குப்பை.

இது சின்ன விஷயம். பெயர் சரியாக இருந்தும் வேலை கெட்ட கதை ஒன்று இருக்கிறது. அதற்குத்தான் இதை எழுத ஒப்புக்கொண்டேன். இப்போது உங்களுக்கு லீடாக இருக்கிற மகேஷைக் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "போடுங்கக்கா, என் பேரையும் போடுங்க" என்றான். போட்டுவிட்டேன்.

மகேஷ் அப்போது இன்ஜினீயரிங் முடித்து வந்த புதுசு. வியாசர்பாடிப் பையன். வேலையில் சுத்தம். பேச்சில் வேகம். அவனிடம் ஒரு தூக்கு பிரேம் கொடுத்திருந்தோம்.

தூக்கு பிரேம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஹார்பரில் கப்பலிலிருந்து நீளமான டாங்க் இறக்குவார்கள். கிரேன் கொக்கியில் அதை நேராக மாட்டினால் டாங்க் வளையும். அதனால் நடுவில் ஒரு இரும்புச் சட்டம் தொங்கும். சட்டத்தின் தலையில் நாலு தடித்த தகடு நிற்கும், ஓட்டையோடு. நாங்கள் காது என்போம். கிரேனிலிருந்து வரும் கயிறு அந்தக் காதில்தான் மாட்டும். டாங்கின் பாரம், சட்டத்தின் பாரம், எல்லாம் அந்த நாலு காதில். கீழே ஆட்கள் வழிகாட்டும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள்.

அந்தக் காது சட்டத்தோடு சேரும் இடத்தில் தகட்டின் ஓரத்தைச் சீவ வேண்டும். சீவினால்தான் வெல்டு உள்வரை நிரம்பும். சீவாமல் வைத்தால் இரண்டு பக்கமும் மேலாக மட்டும் ஒட்டும். நடுவில் ஒன்றும் இருக்காது. பெயிண்ட் அடித்துவிட்டால் வெளியே இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்.

மகேஷ் காதுகளை நிறுத்தினான். ஓரம் சீவ ஒரு தேடல் எழுதினான். சட்டத்தின் தலையில் நிற்கும் ஓட்டைத் தகடுகளில் மிக உயரமான நாலு. பெயர் "தூக்கும் காது நாலு". தெளிவான பெயர். அதே தேடலை வெல்டு குறி போடும் ஃபீச்சரும் கூப்பிட்டது. எந்த வெல்டை மிஷின் வைத்து டெஸ்ட் பண்ண வேண்டும் என்று குறிக்கும் ஃபீச்சரும் கூப்பிட்டது. டிராயிங் செக் ஆனது. எல்லாம் சரி.

எங்கள் ஷாப்பில் ஒரு வழக்கம் உண்டு. பெரிய சட்டத்தை வெல்டு பண்ணும்போது புரட்டிப் போட வேண்டும். புரட்டுவதற்கு டெம்பரவரி காது நாலு ஒட்டுவார்கள். வேலை முடிந்ததும் கேஸ் வைத்து வெட்டி எடுத்து, தேய்த்துவிடுவார்கள். வேறு கம்பெனியில் இதை ஷாப் ஆட்களே பார்த்துக்கொள்வார்கள். இங்கே தகடு வெட்டும் கணக்கில் வர வேண்டும் என்று டெம்பரவரி காதையும் மாடலிலேயே போடுவோம். எந்த வேலையாக இருந்தாலும் அதற்கு ஒரே அளவு. நிஜக் காதைவிடக் கொஞ்சம் உயரம்.

ஷாப்பில் கேட்டார்கள். மகேஷ் சட்டத்தின் தலையிலேயே டெம்பரவரி காது நாலு சேர்த்தான். தேடல் மறுபடி தேடியது. மிக உயரமான நாலு. எடுத்துக்கொண்டது.

சிவப்பு எதுவும் வரவில்லை. ஏன் வரும்? நாலு கேட்டோம், நாலு கிடைத்தது. திரையில் பக்கத்தில் எண்ணிக்கை காட்டும் அல்லவா, அது முன்பும் நாலு, பின்பும் நாலு. திருத்தின ஷீட்டைப் பார்த்தவர் புதிதாக வந்த காதுகளின் இடத்தை மட்டும் பார்த்தார். எண்ணிக்கையைப் பார்த்தார். கையெழுத்துப் போட்டார். அதுதான் அப்போது எங்கள் ரூம் செக் பண்ணும் விதம்.

எனக்கு இது தெரிய வந்தது டீ குடிக்கும் இடத்தில்.

பிரேம் மஞ்சள் பெயிண்ட் அடித்து டிரெய்லரில் ஏறியிருந்தது. சங்கிலி கட்டிக்கொண்டிருந்தார்கள். லோடு டெஸ்ட் முந்தின நாளே பாஸ். அன்றைக்கு மணலி ரிஃபைனரிப் பக்கத்திலிருந்து காற்று. எல்லோரும் மூக்கைச் சுளித்துக்கொண்டு டீ குடித்தோம். ஃபிட்டர் தேசிங்கு வந்தான். அந்த பிரேமைக் கட்டினது அவன் கேங்க்தான். வந்ததும் என்னை வம்புக்கு இழுக்காமல் போக மாட்டான்.

"இன்னாக்கா, உன் ரூம்ல யாருக்காவது டெம்பரவரி காது மேல லவ்வா?"

"ஏன்டா?"

"பின்ன? வெட்டிப் போடப்போற காதுக்கு ஓரம் சீவி, உள்ளவரைக்கும் வெல்டு ரொப்பி, அதுக்கு மிஷின் வெச்சு டெஸ்ட்டு வேற. எங்க வெல்டரு திட்டிகினே போட்டான். அப்பால வெட்டி எடுக்கறதுக்குள்ள தாவு தீந்துபோச்சு. வரவே மாட்டேங்குது. இம்மாம் ஸ்ட்ராங்கு!"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றது.

"அப்போ நிஜக் காது?"

"அது சிம்பிளுக்கா. ரெண்டு பக்கமும் ஒரு ஓட்டு. அவ்ளோதான்."

"சீவலையா?"

"டிராயிங்ல சீவச் சொல்லியா கீது? இருக்கறதத்தான போடுவோம். மாத்திப் போட்டா நீதான் மேல இருந்து வந்து கத்துவ."

அவன் சொன்னது நியாயம். மாற்றிப் போட்டிருந்தால் கத்தியிருப்பேன். போன வேலையில் கத்தியும் இருக்கிறேன்.

டீயை வைத்துவிட்டு மேலே போனேன்.

இங்கே ஒன்று. ஓடவில்லை. டிரெய்லரை நிறுத்து என்று அங்கேயே கத்தவும் இல்லை. தேசிங்கு விளையாட்டுக்குச் சொன்னது. அவன் சொன்னதை நான் வேறு மாதிரிப் புரிந்துகொண்டிருக்கலாம். சங்கிலி கட்டி முடிக்க நேரம் ஆகும். அதற்குள் பார்த்துவிடலாம். ஆனால் வாட்ச்மேனிடம் மட்டும் சொன்னேன், "நான் வர்ற வரைக்கும் கேட்டைத் திறக்காதீங்க அண்ணே." அவர் ஏன் என்று கேட்கவில்லை. நல்ல மனுஷன்.

மகேஷ் ஸீட்டில் இருந்தான்.

"அந்தத் தூக்கு பிரேமைத் திற."

திறந்தான்.

"தூக்கும் காது நாலு. அந்தத் தேடலை அமுக்கு. எதை எடுக்குதுன்னு காட்டு."

அமுக்கினான். திரையில் நாலு காது ஆரஞ்சாக மின்னியது. உயரமான நாலு. டெம்பரவரி. நிஜக் காது நாலும் சாம்பல் நிறத்தில் சும்மா நின்றன.

அவன் முகத்தை நான் பார்க்கவில்லை. கையைத்தான் பார்த்தேன். கை உடனே மவுஸுக்குப் போனது. நிபந்தனையை மாற்ற வரியைத் திறந்துவிட்டான்.

"கையை எடு."

"அக்கா, ஒரு நிமிஷம், கண்டிஷனை மட்டும் மாத்திட்டா..."

"கையை எடுடா."

எடுத்தான்.

இதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். தப்பு தெரிந்ததும் கை தானாகத் திருத்தப் போகும். கெட்டிக்காரன் கை இன்னும் வேகமாகப் போகும். மாடலைத் திருத்திவிட்டால் மாடல் சரியாகிவிடும். டிராயிங் சரியாகிவிடும். ஆனால் கீழே டிரெய்லரில் ஏறியிருக்கும் இரும்பு திருந்தாது. மேனேஜர் மேலே வந்து பார்த்தால் திரையில் நல்ல காது நாலு மின்னும். "எல்லாம் சரியாத்தானே இருக்கு" என்பார். நாம் திருதிருவென்று முழிக்க வேண்டும். இரும்பு எதைப் பார்த்து வெட்டப்பட்டதோ, அந்த மாடல் அப்படியே இருக்க வேண்டும், தப்போடு.

"இப்ப இருக்கறபடியே ஒரு காப்பி எடு. பூட்டி வை. அப்புறம் இந்தத் தேடலை யார் யார் கூப்பிடறாங்கன்னு பார்."

பார்த்தான். மூன்று ஃபீச்சர். ஓரம் சீவுவது, வெல்டு குறி, டெஸ்ட் குறி. மூன்றும் ஒன்றாகத் தப்பான காதுக்குப் போயிருந்தன. அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஒன்று மட்டும் தப்பினால் ஷாப்பில் கேட்டிருப்பார்கள். மூன்றும் ஒரே வாயால் பொய் சொன்னால் யார் கேட்பது?

"அக்கா, நான் போயிடுவேனா?" என்றான் மகேஷ்.

வேலை போய்விடுமா என்று கேட்கிறான்.

"அது அப்புறம். பிரேம் போகக்கூடாது. அதைப் பார்ப்போம்."

மேனேஜரைக் கூப்பிட்டேன். வந்தார். நல்ல வேலைக்காரர். கத்த மாட்டார். ஆனால் அவருக்கு அன்றைக்கு ஒரே கவலை, டிரெய்லர் கிளம்புவது. எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் லாரி வரிசை எப்படி நிற்கும் என்று உங்களுக்கே தெரியும். அதில் மாட்டினால் ஹார்பர் கேட்டுக்குப் போய்ச் சேர மறுநாள் ஆகும். அங்கே கிரேன் புக் பண்ணியிருக்கிறது. கப்பல் நிற்கிறது.

திரையைக் காட்டினேன். பார்த்தார்.

"லோடு டெஸ்ட் பாஸ் ஆச்சேம்மா."

"ஆச்சு சார்."

"வேலைப் பாரத்தைவிட அதிகம் வெச்சுத்தான தூக்கினோம்? தாங்குச்சே?"

"ஒரு தடவை தாங்குச்சு. நம்ம யார்டுல, நிதானமா, ஆடாம. அங்க தண்ணி மேல ஆடற கப்பல்ல இருந்து தூக்குவாங்க. திரும்பத் திரும்பத் தூக்குவாங்க. எத்தனை தடவை தாங்கும்னு நீங்க சொன்னா அனுப்பிடலாம்."

"அது எனக்கு எப்படித் தெரியும்?"

"எனக்கும் தெரியாது சார்."

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பெயிண்டைச் சுரண்டிப் பார்ப்போம். விரிசல் இருந்தா நிறுத்தறேன்."

சரி என்றேன். டிரெய்லர் மேலேயே ஏறிப் பெயிண்டைச் சுரண்டினார்கள். சிவப்பு மருந்து தெளித்து, துடைத்து, வெள்ளை மருந்து அடித்தார்கள். விரிசல் இருந்தால் வெள்ளையில் சிவப்புக் கோடு கசிந்து தெரியும். நாலு காதும் சுற்றிப் பார்த்தோம். தேசிங்கு படுத்துக்கொண்டு கீழிருந்து டார்ச் அடித்துப் பார்த்தான்.

கோடு இல்லை. சுத்தமான வெள்ளை.

"ஒண்ணும் இல்லம்மா" என்றார் மேனேஜர். அவர் குரலில் நிம்மதி. கூட இறங்கி வந்திருந்த மகேஷும் நிமிர்ந்தான்.

உண்மையில் கஷ்டமான இடம் இதுதான். விரிசல் இருந்தால் யார் வேண்டுமானாலும் நிறுத்தலாம். தைரியம் தேவையில்லை. விரிசல் இல்லை, டெஸ்ட் பாஸ், வண்டி தயார், கப்பல் காத்திருக்கிறது. கையில் ஒரு ஆதாரமும் இல்லாமல் நிறுத்தச் சொல்ல வேண்டும். எல்லோரும் உன்னையே பார்ப்பார்கள். 'இந்தம்மாவுக்கு இன்னா வந்துச்சு' என்று பார்ப்பார்கள்.

"விரிசல் இல்லை சார். வெல்டும் இல்லை. உள்ள காலி. மேல பூசற மருந்துக்கு அது தெரியாது" என்றேன்.

"நீ என்ன பண்ணச் சொல்ற?"

"கணக்குப் போட்டவரைக் கேளுங்க. இந்த வெல்டுக்கு அவர் கையெழுத்துப் போட்டா நான் மேல போயிடறேன். அதுக்கப்புறம் பேச மாட்டேன்."

அந்த பிரேம் எவ்வளவு பாரம் தாங்கும் என்று கணக்குப் போட்டவர் வெளியாள். வயசான இன்ஜினீயர். மேனேஜர் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் போட்டார். விஷயத்தைச் சொன்னார். மறைக்கவில்லை. லோடு டெஸ்ட்டையும் சொன்னார், சிவப்பு மருந்தையும் சொன்னார்.

அந்தப் பக்கம் ஒரே ஒரு கேள்வி. "ஓரம் சீவினீங்களா, இல்லையா?"

"இல்லை சார்."

"அப்ப நான் கணக்குப் போட்ட பிரேம் அது இல்லை. வேற ஏதோ பிரேம். அதுக்கு நான் எப்படிக் கையெழுத்துப் போடறது?"

மேனேஜர் போனை வைத்தார். டிரைவரைப் பார்த்து, "அவுத்துடுப்பா" என்றார். அவ்வளவுதான். மறுபேச்சு இல்லை. அதற்காக அவர் மேல் எனக்கு இன்றைக்கும் மரியாதை.

சங்கிலியை அவிழ்க்கும்போதே ஹார்பரிலிருந்து போன் வந்துவிட்டது. அங்கே டாங்க் இறக்கும் கேங்குக்கு மேஸ்திரி பாஷா பாய். காசிமேட்டுக்காரர். கயிற்றைப் பிடித்துக்கொண்டு கீழே நிற்பது அவருடைய ஆட்கள்தான். மேனேஜர் போனை என் கையில் கொடுத்துவிட்டார்.

"இன்னாம்மா, பிரேம் எங்க? ஆளுங்கள இட்டுகினு வந்து வெயில்ல காஞ்சிகினு கீறோம்."

"இன்னிக்கு வராது பாய்."

"வராதா? இன்னா வெளாட்றியா? கப்பல்காரன் என்ன கிழிகிழின்னு கிழிக்கிறான்."

"வேலை பாக்கி இருக்கு."

"நேத்து ரெடின்னீங்களே! கம்பெனியா நடத்துறீங்க, கலீஜ் புடிச்ச கம்பெனி?"

"ஆமா பாய். நாளைக்கும் வராது. அதுக்கப்புறம் வரும்."

இன்னும் நாலு வார்த்தை திட்டினார். கேட்டுக்கொண்டேன். காரணம் சொல்லவில்லை. பிரேமின் காது சரியில்லை என்று அவரிடம் சொன்னால் பிறகு எந்த பிரேம் போனாலும் அவருடைய ஆட்கள் பயந்துகொண்டே கயிறு பிடிப்பார்கள். பயந்த கை அந்த வேலைக்கு ஆகாது. திட்டு வாங்குவது எங்களுக்கு ஆகும்.

அப்புறம் நடந்தது வேலை. பழைய காதை எடுத்தார்கள். புதுத் தகடு வெட்டி, ஓரம் சீவி, நிறுத்தி, உள்வரை வெல்டு நிரப்பினார்கள். தேசிங்கு என்னைப் பார்த்தபோதெல்லாம் "இப்ப சரியான பொண்ணுக்குத் தாலி கட்டிக்கீறோம்க்கா" என்றான். இந்தத் தடவை மிஷின் வைத்துச் சரியான காதை டெஸ்ட் பண்ணினார்கள். லோடு டெஸ்ட் மறுபடி.

மேலே மகேஷ் தேடலைத் திருத்தினான். பூட்டின காப்பியைத் தொடாமல், புது ரிவிஷனில். முதலில் அவன் எழுதியது: மிக உயரமான நாலு, டெம்பரவரி நீங்கலாக. நான் வேண்டாம் என்றேன்.

"ஏன்க்கா? வேலை செய்யுதே."

"நாளைக்கு எவனாவது விளக்கு மாட்ட உயரமா ஒரு ஓட்டைத் தகடு வெப்பான். அதுக்கு டெம்பரவரின்னு பேர் வெக்க மாட்டான்."

யோசித்தான். உயரம் என்ற வார்த்தையையே எடுத்தான். காதை நிறுத்தின ஃபீச்சர் இருக்கிறதே, அதில் பிறந்த தகடு மட்டும் என்று எழுதினான். உயரமோ குட்டையோ, எத்தனை சேர்த்தாலும், அந்த வயிற்றில் பிறந்ததை மட்டும்தான் எடுக்கும். பிறகு நான் சொல்லாமலே ஒன்று செய்தான். டெம்பரவரி காதை இரண்டு மடங்கு உயரமாக்கினான். பிறகு நிஜக் காதில் ஒன்றை அழித்தான். ஒவ்வொரு தடவையும் தேடலை அமுக்கி எது மின்னுகிறது என்று கண்ணால் பார்த்தான். ஒன்றை அழித்தபோது மூன்று மின்னியது. நாலாவதுக்கு வேறு எதையும் இழுத்துக்கொண்டு வரவில்லை. எல்லாவற்றையும் பழையபடி வைத்துவிட்டு அப்போதுதான் சேமித்தான்.

அங்கே எனக்குத் தெரிந்தது, இவன் போக மாட்டான், போகவும் விடக்கூடாது என்று.

மேனேஜர் கேட்கத்தான் கேட்டார், "யார் பண்ணின வேலைம்மா இது?"

"எங்க ரூம் சார்."

"ரூம்னா யாரு?"

"ரூம்னா ரூம்தான். எழுதினது ஒருத்தர், பார்த்தது ஒருத்தர், பார்க்கிற விதத்தை வெச்சது நான். யாரை எழுதிக்கறீங்களோ எழுதிக்கோங்க."

எழுதிக்கொள்ளவில்லை.

அதற்குப் பிறகு ரூமில் செய்த மாற்றத்தை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். ஏன் என்று தெரியாமல் பார்க்கக்கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். பெரியது, உயரமானது, கடைசியில் வந்தது, இந்த மாதிரி வார்த்தை சேமித்த தேடலில் கூடாது. அவை எல்லாம் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. ஆள் மாறினால் அர்த்தம் மாறும். இன்னொன்று, தேடலின் குறிப்புக் கட்டத்தில் அது எதை எடுக்கும் என்று மட்டும் எழுதாமல், எதை எடுக்கவே கூடாது என்றும் எழுத வைத்தேன். முதல் வரி எல்லோரும் எழுதுவார்கள். இரண்டாவது வரி எழுத உட்கார்ந்தால்தான் மூளை வேலை செய்யும். இன்னொருவர் தேடலைத் திருத்தும் முன் அதை யார் கூப்பிடுகிறார்கள் என்று பாருங்கள். உங்கள் ஃபீச்சருக்கு மட்டும் மாற்றம் வேண்டும் என்றால் காப்பி எடுத்து வேறு பெயரில் எழுதுங்கள். எண்ணிக்கை பார்த்துக் கையெழுத்துப் போடுவதை நிறுத்தினோம். அமுக்கு, மின்னுவதைப் பார், பிறகு போடு.

இதில் எதுவும் பெரிய படிப்பு இல்லை.

பிரேம் போனது. லாரி வரிசையில் மாட்டி, நொண்டி நொண்டி, போய்ச் சேர்ந்தது. டாங்க் இறக்குகிற அன்றைக்கு மகேஷ் வேலை செய்யவில்லை. செய்வது மாதிரி உட்கார்ந்திருந்தான். ஒரே ஃபைலைத் திறந்து மூடிக்கொண்டிருந்தான். நானும் அன்றைக்குப் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு பாஷா பாய்க்கு நானே போன் போட்டேன். பக்கத்தில் கிரேன் சத்தம். மகேஷ் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்துவிட்டான்.

"பாய், டாங்க் இறக்கியாச்சா?"

"ஆச்சும்மா."

"எப்படி இருந்துச்சு?"

"இன்னா எப்டி? தூக்குனோம். எறக்குனோம். பசங்க பிரியாணி துன்னப் பூட்டானுங்க." கொஞ்சம் நிறுத்தி, "ரெண்டு நாள் லேட்டு பண்ணிட்டு இப்ப இன்னா எப்டின்னு கேக்கற? அடுத்த தபா ஒழுங்கா டைமுக்கு அனுப்பு" என்றார். வைத்துவிட்டார்.

மகேஷ் என்னைப் பார்த்தான். "என்னக்கா சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லலை."

அவன் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தான். அடுத்த ஃபைலைத் திறந்தான்.

நம் வேலையில் இதைவிட நல்ல செய்தி எனக்கு வந்ததில்லை.